ஸ்விஃப்ட் விலையில பெரிய கார் வாங்கலாம், ஸ்விஃப்ட் செலவுல ஓட்ட முடியாது

"ஸ்விஃப்ட் விலையில பி.எம்.டபிள்யூ ப்ரோ!"

இந்த வரியைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குச் சுர்ருன்னு ஏறுது.

ஃபோனைத் திறந்தா இதே ரீல்ஸ்தான். பாலிஷ் போட்டு நிறுத்தின ஒரு கறுப்பு செடான், பக்கத்துல மைக் பிடிச்ச ஒரு தம்பி. புதுசுல இவ்வளவு, நம்மகிட்ட இவ்வளவுதான்னு ஆரம்பிப்பாரு. சன்ரூஃபைத் திறந்து காட்டுவாரு. சீட் தானா முன்ன பின்ன நகர்றதைக் காட்டுவாரு. உள்ள கலர் கலரா லைட் எரியறதைக் காட்டுவாரு. சர்வீஸ் பில்லைக் காட்டின ஒரு ரீல்ஸ் கூட இதுவரைக்கும் என் கண்ணுல படல.

போன வாரம் என் மச்சினன் இப்படி ஒண்ணை வாட்ஸப்புல அனுப்பி, "மாமா, அட்வான்ஸ் போட்டுடவா?"ன்னு கேட்டான். 2014 மாடல், ஜெர்மன் டீசல் செடான், டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன், ஒன்பதரை லட்சம். அவன்கிட்ட ராத்திரி ரொம்ப நேரம் ஃபோன்ல பேசினதைத்தான் இங்க எழுதறேன். ஆபீஸ்லயும் இதையே கேக்கறாங்க, சொந்தக்காரங்களும் இதையே கேக்கறாங்க. ஒரு தடவை எழுதி வச்சுட்டா லிங்க் அனுப்பிடலாம்.

முதல்லயே சொல்லிடறேன். பழைய பெரிய செடான் வாங்கவே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. நானே அப்படி ஒண்ணைத்தான் ஓட்டறேன். 2015 டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட். பதினோரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல குடுத்து, ரெண்டாவது ஓனரா வாங்கினது. நான் வச்சிருந்த கார்களிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பழசு ஏன் நல்ல யோசனைன்னு ஒரே கணக்குல சொல்றேன். புது கேம்ரி 2024 டிசம்பர்ல வந்தப்போ ஷோரூம் விலை 48 லட்சம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 20 லட்சத்துக்கு மேல இருக்கற காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்க, 9.6 லட்சம். அதாவது புது கேம்ரிக்கு ரோட் டாக்ஸா கட்டற காசுக்கு, கூட ஒண்ணு ரெண்டு லட்சம் போட்டா என் கார் கிடைச்சிடும். முதல் ஓனர் கட்டின வரி, முதல் நாலஞ்சு வருஷத்துல சரிஞ்ச விலை, எல்லாத்தையும் அவரே சுமந்துட்டாரு. பின்சீட்ல காலை நீட்டி உக்கார்ற சுகம் மட்டும் நமக்கு.

இந்த மாதிரி செடான்கள் விலை ஏன் இப்படிச் சரியுது? புதுசா வாங்கறவங்க பெரும்பாலும் வாரன்டி முடியறப்போ வித்துடறாங்க. அடுத்து வாங்க வர்றவங்களுக்கு மெயின்டனன்ஸ் பயம். இதுக்கு நடுவுல ஊரே எஸ்.யு.வி. பக்கம் போயிடுச்சு. அதனால நல்ல வண்டியும் மோசமான வண்டியும் சேர்ந்தே விலை இறங்குது. அந்த நல்ல வண்டியைப் பொறுக்கி எடுக்கறதுதான் நம்ம வேலை.

இங்கதான் மச்சினனுக்கு நான் சொன்ன விஷயம் வருது. காரோட விலை இறங்கும். பார்ட்ஸ் விலை இறங்காது. லேபர் இறங்காது. 50 லட்ச ரூபாய் காருக்குன்னு செஞ்ச ஹெட்லைட், அந்தக் கார் ஒன்பது லட்சத்துக்கு வந்தப்புறமும் 50 லட்ச ரூபாய் காரோட ஹெட்லைட்தான். அடாப்டிவ் எல்.ஈ.டி. ஹெட்லைட் ஒரு பக்கம் மாத்தினா ஒரு லட்சத்தைச் சாதாரணமா தாண்டும். பைக்காரர் லேசா இடிச்சுட்டுப் போனாலே போச்சு. இது யானையைக் கட்டித் தீனி போடற வேலை. யானை இலவசமா வந்துச்சா, காசு குடுத்து வந்துச்சாங்கறது தீனிக்குத் தெரியாது.

டெல்லி வண்டி

மச்சினன் பார்த்தது டெல்லி வண்டி. அது ஏன் அவ்வளவு சீப்புன்னு அந்த ரீல்ஸ்ல சொல்லல. நான் சொல்றேன்.

டெல்லி சுற்றுவட்டாரத்துல 10 வருஷம் ஆன டீசல் காரும், 15 வருஷம் ஆன பெட்ரோல் காரும் ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல சொன்னதை, 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. அதுக்கப்புறம் அங்க வயசான டீசல் காருக்கு மதிப்பே இல்லாமப் போச்சு. நல்லா ஓடற வண்டியா இருந்தாலும் தள்ளி விடறாங்க. லாரியில ஏத்தி வெளி மாநிலங்களுக்கு அனுப்பறாங்க.

வண்டி மேல தப்பில்ல, சரி. ஆனா அந்த ஒன்பதரை லட்சத்தோட கணக்கு முடியாது. டெல்லி ஆர்.டி.ஓ.கிட்ட என்.ஓ.சி. வாங்கணும் (ஃபார்ம் 28). இங்க வந்து வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி ஆயுள் வரி கட்டணும். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அந்த மாநிலத்து நம்பர் வாங்கியே ஆகணுங்கறது மோட்டார் வாகனச் சட்டம். டெல்லியில ஏற்கெனவே கட்டின வரியைத் திரும்ப வாங்கறது தனி அலைச்சல். "ரோட் டாக்ஸ் நாங்க பார்த்துக்கறோம் ப்ரோ"ன்னு வாயால சொல்றதை நம்பிக் காசு குடுக்காதீங்க. என்.ஓ.சி. பேப்பர் கையில வரணும், லோன் இருந்திருந்தா அதை ஆர்.சி.லேர்ந்து எடுத்திருக்கணும் (ஃபார்ம் 35). அதுக்கப்புறம்தான் பணம்.

ஜெர்மன் வண்டி கெட்ட வண்டியா?

இல்லவே இல்ல. ஓட்டற சுகத்துல அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஒரு நண்பரோட பி.எம்.டபிள்யூ 3 சீரிஸை ஈ.சி.ஆர். ரோட்டுல மகாபலிபுரம் வரைக்கும் ஓட்டினேன். ஸ்டியரிங் கையில பேசுது. இறங்க மனசே வரல.

ஆனா எந்த வருஷம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ்னு தெரியாம வாங்கினா மாட்டிக்குவீங்க. "ஜெர்மன் டீசல்"னு பொதுவா சொல்றதுல எந்த அர்த்தமும் இல்ல.

உதாரணமா, 2012-லேர்ந்து வந்த 320டி-ல இருக்கறது என்47-ங்கற இன்ஜின். அதோட டைமிங் செயின் இன்ஜினோட பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கு. செயின் தேஞ்சு சத்தம் வர ஆரம்பிச்சா, செயின் என்னவோ சின்ன சாமான்தான், அதை எட்டணும்னா இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும். கண்டுக்காம ஓட்டி செயின் அறுந்துச்சுன்னா இன்ஜினே காலி. 2015-க்கு அப்புறம் பி47-ன்னு அடுத்த இன்ஜின் வந்துச்சு. செயின் விஷயத்துல அது எவ்வளவோ தேவலாம்.

நான் வண்டி காட்டற மெக்கானிக் பாய் (சென்னை பாடி பக்கம் ஷெட் வச்சிருக்காரு) இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக் குடுத்தாரு. "சார், காலையில போங்க. நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்துச்சுன்னா ஏதோ மறைக்கறாங்க." அதுக்கப்புறம் நான் எந்தக் கார் பார்க்கப் போனாலும் முதல் வேலை பானெட் மேல கை வைக்கறதுதான். விக்கறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

அடுத்து கியர்பாக்ஸ். ஸ்கோடா சூப்பர்ப் வாங்கறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். 2016-ல வந்த சூப்பர்ப் 1.8 பெட்ரோல்ல மேனுவலுக்கு 320 என்.எம். டார்க், ஆட்டோமேட்டிக்குக்கு 250 என்.எம். ஒரே இன்ஜின்! ஏன்னா அந்த 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. (டி.க்யூ.200) டிரை கிளட்ச் வகை. அது தாங்கறதே 250 என்.எம்.தான். அதுக்காக இன்ஜினோட பலத்தையே குறைச்சு வச்சாங்க. இந்த டி.எஸ்.ஜி. கோளாறுக்காக ஸ்கோடாவோட தாய்க் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் 2013-ல சீனாவுல மட்டுமே 3,84,181 கார்களைத் திரும்ப அழைச்சுது. நம்ம ஊரு டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறது டிரை கிளட்சுக்கு ஆகவே ஆகாது. இதுல கியர் மாத்தற மெகாட்ரானிக்ஸ் யூனிட் போச்சுன்னா செலவு லட்சத்துல பேசணும். அதே சூப்பர்ப்ல டீசலுக்கு வர்றது 6 ஸ்பீடு, எண்ணெயில நனைஞ்சு ஓடற வெட் கிளட்ச். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்திட்டா அது பாட்டுக்கு உழைக்கும். 2020-ல வந்த 2.0 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கும் வெட் கிளட்ச்தான். ஒரே பேரு, ஒரே பாடி, உள்ள ரெண்டும் வேற வேற வண்டி.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைப் பத்திப் பேசறப்போ ஒண்ணு சொல்லியே ஆகணும். "லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்"னு நிறைய இடத்துல சொல்வாங்க. யாரோட லைஃப்டைம்? பி.எம்.டபிள்யூ உள்பட பல கார்கள்ல வர்ற 8 ஸ்பீடு கியர்பாக்ஸைச் செய்யற இசட்.எஃப். கம்பெனியே 80,000-லேர்ந்து 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல ஆயிலை மாத்துங்கன்னு சொல்லுது. அந்தக் கியர்பாக்ஸ்ல ஃபில்டர் தனியா இல்ல, அடியில இருக்கற பிளாஸ்டிக் ஆயில் பேனோட சேர்ந்தே வரும், பேனையே மாத்தணும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியில இந்த பில் இல்லன்னா அந்தச் செலவு உங்களுக்குத்தான் காத்துட்டு இருக்கு.

டீசல்னா டி.பி.எஃப். இன்னொரு தலைவலி. புகைக்கரியைப் பிடிச்சு வச்சு எரிக்கற ஃபில்டர் அது. அது எரியணும்னா வண்டி நல்லா சூடாகிக் கொஞ்ச நேரம் வேகமா ஓடணும். வீட்லேர்ந்து ஆபீஸுக்கு அஞ்சாறு கிலோமீட்டர், சிக்னல் சிக்னலா நின்னு போறவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. அடைச்சுக்கும். வாரா வாரம் சேலம், கோயம்புத்தூர்னு ஹைவேயில போறவருக்கு டீசல் பொருந்தும். சிட்டிக்குள்ளயே சுத்தறவருக்கு வேண்டவே வேண்டாம்.

பி.எம்.டபிள்யூல டயரையும் பாருங்க. ரன்ஃப்ளாட் டயர், அதனால ஸ்டெப்னி கிடையாதுங்கற மாடல் நிறைய. ஒரு டயரே இருபதாயிரம் பக்கம் வரும். நாலு டயரும் தேஞ்ச வண்டின்னா பேரம் பேசறப்போ அதைக் கழிச்சுட்டுத்தான் பேசணும்.

நான் ஏன் கேம்ரி பக்கம் போனேன்

எனக்கு ஒரு கார்தான். அதுலதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், ஊருக்குப் போகணும், ஆபீஸ் போகணும். அது ஷெட்ல போய் ரெண்டு வாரம் உக்காந்துச்சுன்னா எனக்கு வேலை நின்னுடும். அதனால உடையறதுக்கு என்னென்ன இருக்குன்னு பார்த்தேன். உடையற சாமான் குறைவா இருக்கற கார் எது?

கேம்ரி ஹைப்ரிட்ல இல்லாத சாமான்களைக் கேளுங்க. டர்போ கிடையாது. கிளட்ச் கிடையாது. தனியா ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஆல்டர்னேட்டர் கிடையாது. இன்ஜின் முன்னாடி சுத்தற பெல்ட் கூடக் கிடையாது, ஏ.சி. கம்ப்ரஸரும் வாட்டர் பம்ப்பும் கரண்ட்ல ஓடுது. கியர்பாக்ஸ்ங்கறது ரெண்டு மோட்டாரும் பிளானட்டரி கியர்களும்தான். மாறி மாறி விழற கியரே இல்ல. 2.5 லிட்டர் இன்ஜின் 160 பி.எஸ்., மோட்டாரும் சேர்ந்தா 205 பி.எஸ். வண்டி வேகம் குறையறப்போ மோட்டாரே இழுத்துப் பிடிக்கறதால பிரேக் பேட் தேயவே மாட்டேங்குது. பாய் ஒவ்வொரு தடவையும் வீலைக் கழட்டிப் பார்த்துட்டு, "இதுல எனக்கு வேலையே இல்லையே சார்"ம்பாரு.

எல்லாரும் கேக்கற கேள்வி: "ஹைப்ரிட் பேட்டரி போனா?"

நியாயமான பயம். இதுல இருக்கறது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 7.2 வோல்ட்ல 34 மாட்யூல், மொத்தம் 244.8 வோல்ட். முழுசாச் சார்ஜ் ஆகவும் விடாது, முழுசா இறங்கவும் விடாது, நடுவுலயே வச்சுக்கும். அதனாலதான் பல வருஷம் உழைக்குது. அதுக்கு எதிரி சூடு. பேட்டரியைக் குளிர வைக்க ஒரு ஃபேன் இருக்கு, அது கார் உள்ள இருக்கற காத்தைத்தான் இழுக்குது. வாங்கின புதுசுல டிக்கி உள்ள லைனிங்கைக் கழட்டி அந்த ஃபேனை வெளிய எடுத்தோம். பிளேடு ஒவ்வொண்ணுலயும் சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி தூசி. அதுக்குள்ள வெள்ளை வெள்ளையா நாய் முடி! முதல் ஓனர் வீட்ல லாப்ரடார் இருந்துச்சு. பழைய பல் தேய்க்கற பிரஷ் வச்சு ஒவ்வொரு பிளேடாச் சுத்தம் பண்ணி மாட்டினோம். வெயில் காலத்துல பின்னாடி ஃபேன் இரைஞ்சுட்டே இருந்தது அதோட அடங்கிடுச்சு. செலவுன்னு பார்த்தா பாய்க்குக் குடுத்த கூலி மட்டும்தான். ஹைப்ரிட் வச்சிருக்கறவங்க தயவுசெய்து இதை ஒரு தடவை செஞ்சுடுங்க. பின்சீட்ல பையைப் போட்டு, அந்த ஃபேன் காத்தை இழுக்கற ஏர் வென்ட்டை மூடாதீங்க.

(இப்ப வர்ற கேம்ரியோட ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி. 2019 மாடல் மாதிரி கொஞ்சம் புதுசாப் பார்க்கறவங்க வாரன்டி மீதி இருக்கான்னு கேளுங்க.)

மைலேஜ்? கம்பெனி சொன்னது 19.16. எனக்கு சென்னைக்குள்ள 14, 15 கிடைக்குது. டிராஃபிக்ல நிக்கறப்போ இன்ஜின் அணைஞ்சுடறதால அண்ணா சாலையில ஊர்ந்தாலும் பெருசாக் குறையறதில்ல. இவ்வளவு பெரிய பெட்ரோல் காருக்கு இது ரொம்பவே சந்தோஷம். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுல கொஞ்சம் குறையுது. பழைய கார் வச்சிருக்கற எல்லாரும் சர்வீஸ்ல ஃபியூயல் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்க.

குறையே இல்லையா? இருக்கு.

பன்னெண்டு வோல்ட் பேட்டரி டிக்கியில இருக்கு. மூடின இடங்கறதால ஏ.ஜி.எம். வகைதான் போடணும். சாதாரண பேட்டரியைவிட விலை ரெண்டு மூணு மடங்கு. யாராவது மலிவா சாதாரண பேட்டரியை மாட்டி வச்சிருந்தா, மத்த இடத்துலயும் அதே மாதிரிதான் மிச்சம் பிடிச்சிருப்பாங்கன்னு அர்த்தம்.

பிரேக் ஆக்சுவேட்டர் இதுல விலை உயர்ந்த சாமான். வாங்கறப்போ அமைதியான இடத்துல நிறுத்தி, பிரேக்கை மிதிக்காம காது குடுத்துக் கேளுங்க. பம்ப் மோட்டார் சத்தம் கொஞ்ச நொடிக்கு ஒரு தடவை வந்துட்டே இருந்தா அந்தக் காரை விட்டுடுங்க.

பாடி பார்ட்ஸ் உடனே கிடைக்காது. ஓடற வண்டிகளே கம்மி. பார்ட்ஸ் மார்க்கெட்டான புதுப்பேட்டையில இன்னோவா பார்ட்டுன்னா எடுத்து நீட்டுவாங்க, கேம்ரின்னா யோசிப்பாங்க. பம்பர், லைட் இதெல்லாம் ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும். இதைப் பொறுத்துக்க முடியாதவங்களுக்கு இந்தக் கார் சரிப்படாது.

அப்புறம் நீளம். 4.8 மீட்டருக்கு மேல. மயிலாப்பூர் சந்துக்குள்ள திருப்பறப்போ எல்லாம் தெரியும்.

சர்வீஸ் விஷயத்துல கொஞ்ச நாள் மாத்தி மாத்திப் பார்த்துட்டு எனக்குன்னு ஒரு வழி வச்சிருக்கேன். ஆயில், ஃபில்டர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பாய் ஷெட்ல. பார்ட்ஸ் மட்டும் ஒரிஜினல், நானே வாங்கிக் குடுத்துடுவேன். ஹைப்ரிட் சிஸ்டம் சம்பந்தப்பட்டதுன்னா கம்பெனி சர்வீஸ்தான், அவங்க ஸ்கேனர்ல பேட்டரி ஒவ்வொரு பிளாக்கா எவ்வளவு வோல்டேஜ்னு தெரியும். ரெண்டு இடத்து பில்லையும் ஒரே ஃபைல்ல போட்டு வைக்கறேன். இதை விக்கறப்போ அந்த ஃபைலுக்கே காசு கிடைக்கும்.

பெட்ரோலைத் தவிர்த்து, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தேய்மானம், அங்க இங்க புஷ் மாத்தறது, லிங்க் மாத்தறது எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குள்ள முடியுது. இதே செலவுல ஸ்விஃப்ட் ரெண்டு ஓட்டலாம். ஆமா. அது தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். தலைப்புல சொன்னது என் காருக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளத்துல நின்ன வண்டி

சென்னையில வாங்கறவங்களுக்குன்னு தனியா இதை எழுதணும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். ரெண்டுலயும் கார் எப்படி முங்கிக் கிடந்துச்சுன்னு நாம எல்லாரும் கண்ணால பார்த்தோம். அந்த வண்டிகள்ல பல திரும்பவும் சுத்தம் பண்ணி மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு.

கேம்ரி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு யார்டுல வேற ஒரு செடான் பார்த்தேன். வெளியில புதுசு மாதிரி. உள்ள சீட் கவர் புதுசு, வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைக்குது. (வாசனை அதிகமா இருந்தாலே உஷாராகிடணும்.) டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். வழக்கமா யாருமே அவ்வளவு தூரம் இழுக்க மாட்டாங்க. சுருள்ல கடைசியா இருந்த பட்டையில, குறுக்கால கோடு போட்ட மாதிரி காஞ்ச சேத்துக் கறை. விரல்ல தேய்ச்சா மண்ணு உதிருது. சீட் பெல்ட் உயரத்துக்குத் தண்ணி வந்திருக்குன்னா, கார்ப்பெட்டுக்கு அடியில போற வயரிங், கன்ட்ரோல் யூனிட் எல்லாமே முங்கியிருக்கும். இந்த மாதிரி கார்ல அதெல்லாம் ஒவ்வொண்ணாப் போகும், வருஷக் கணக்குல போகும். ஒண்ணும் பேசாம வந்துட்டேன்.

ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தக் குழியைப் பாருங்க. சீட் அடியில இருக்கற போல்ட்டுல துரு இருக்கான்னு பாருங்க. டயர்ல நாலு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும். மீட்டர்ல முப்பதாயிரம் காட்டற வண்டியில டயர் ரெண்டாவது செட்டா இருந்தா கணக்கு உதைக்குதுன்னு அர்த்தம். பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு வழவழன்னு இருந்தாலும் அதேதான்.

வெளி மெக்கானிக் ஒருத்தரை ஸ்கேனரோட கூட்டிட்டுப் போங்க. ரெண்டாயிரமோ மூவாயிரமோ கேப்பாரு. குடுங்க. பத்து லட்சத்துக்குப் பொருள் வாங்கறீங்க.

பேப்பர் செலவு

சுருக்கமாச் சொல்லிடறேன். 1500 சி.சி.க்கு மேல இருக்கற காருக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் வருஷத்துக்கு 7,897 ரூபாய், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோட போகும், வண்டியோட வராது. ஆனா உங்க பழைய கார்ல சேர்த்து வச்ச போனஸை இந்தக் காருக்குக் கொண்டு வரலாம், நிறைய பேர் இதை விட்டுடறாங்க. பேரு மாத்தின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க. அஞ்சாறு வருஷத்தைத் தாண்டின வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் கிடைக்கறது கஷ்டம், கிடைச்சா விடாதீங்க, ஏன்னா அந்த ஹெட்லைட் கதை ஞாபகம் இருக்குல்ல. 15 வருஷம் முடிஞ்சா ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், 2022 ஏப்ரல்லேர்ந்து. அதனால பன்னெண்டு பதிமூணு வருஷ வண்டி வாங்கறவங்க அதையும் மனசுல வச்சுக்கிட்டு விலை பேசுங்க.

கடைசியா ஒரு விஷயம். கையில பத்து லட்சம் இருந்தா பத்து லட்சத்துக்குக் கார் பார்க்காதீங்க. எட்டு லட்சத்துக்குப் பாருங்க. மீதி ரெண்டு லட்சம் பேங்க்ல இருக்கட்டும். முதல் வருஷத்துல டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், ஏதாவது ஒரு பெரிய சாமான்னு அது கண்டிப்பாத் தேவைப்படும். பேங்க்ல அந்தப் பணம் இருக்கறவருக்கு 320டியும் சந்தோஷமான கார்தான். வாங்கறதுக்கே இ.எம்.ஐ. போடறவருக்கு அது நிம்மதியைக் கெடுத்துடும். மனசு வலிக்கும்னு தெரிஞ்சும் மச்சினன்கிட்ட இதை நேராவே சொன்னேன்.

அவன் இன்னும் முடிவு பண்ணல. விக்கறவர்கிட்ட அவனைக் கேக்கச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். நேர்ல போறதுக்கு முன்னாடி ஆர்.சி. போட்டோவும், சர்வீஸ் பில் எல்லாத்தையும் வாட்ஸப்புல அனுப்பச் சொல்லுங்க. காலையில வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு சொல்லுங்க. என் மெக்கானிக்கும் வருவாருன்னு சொல்லுங்க. இந்த மூணுக்கும் சரின்னு சொல்றவர்கிட்ட மட்டும் போங்க. யோசிக்கறவர் வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் வேணாம், அடுத்த வண்டி வரும்.

ஏற்கெனவே பழைய அக்கார்டு, சூப்பர்ப், சி கிளாஸ்னு ஓட்டறவங்க, உங்க வருஷச் செலவு எவ்வளவுன்னு கீழ எழுதுங்க. மாடல் வருஷம், ஓடின கிலோமீட்டரோட எழுதுங்க. அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி படிக்கற நாலு பேருக்கு உதவும்.